ஒளிநூல் கையுறையும் நானாவின் பெருவிரலும்

எனக்கு எதையும் லேசில் விடத் தெரியாது. சின்ன வயதில், வீட்டு ரேடியோவுக்குள் ஆள் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று அதைக் கழற்றிப் போட்டு, உம்மாவிடம் அகப்பைக் காம்பால் நன்றாக வாங்கிக் கட்டினேன். திரும்பப் பூட்டித் தந்தவர் என் நானா. நானா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். நான் கழற்றுவேன், அவர் பூட்டுவார். சண்டையில் ஊரை விட்டு வந்து புத்தளத்தில் அகதியாக இருந்த அத்தனை வருடமும் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது.

அந்தப் புத்தளக் காலத்தில்தான் நானா கற்பிட்டிக்குப் போய் வள்ளத்து எஞ்சின் திருத்தப் பழகினார். சண்டை முடிந்து சொந்த ஊரான சிலாவத்துறைக்குத் திரும்பி வந்ததும், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் உறவினர் ஒருவரின் கடை அறையை வாடகைக்கு எடுத்து வேலை தொடங்கினார். முசலிக் கரையில் ஓடுகிற எஞ்சின்களில் அவர் கை படாதது குறைவு. எஞ்சினுக்கு அடியில் கண் போகாத இடம் ஒன்று இருக்கும். அங்கே கையை விட்டு, நட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, போல்ட்டின் வாயைத் தடவிக் கண்டு, முதல் சுற்றை ஏற்ற வேண்டும். நானா அதைச் செய்யும்போது வாசலில் போகிறவர்களோடு அரசியல் பேசிக்கொண்டிருப்பார். பார்க்க எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இந்த விரலுக்கு யார் வழி சொல்கிறார்கள் என்று கேட்டால், "உனக்கு வேற வேலை இல்ல" என்பார்.

போன வருடம் ஒரு நாள், லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்தப் போனவர் அப்படியே கதவடியில் சரிந்தார். பாரிசவாதம். வலப் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அல்லாஹ்வின் காவல், பேச்சுத் தப்பியது. இரண்டு மாதத்தில் கால் வந்தது. கை வரவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, நானே ஓர் இயன்மருத்துவர். விழுந்த கை காலைப் பயிற்சி கொடுத்து எழுப்புவதுதான் என் தொழில். மற்ற வீட்டு நோயாளிகளிடம் தேன் ஒழுகப் பேசுகிறவள், நானாவிடம் மட்டும் சட்டாம்பிள்ளை. பந்தைக் கொடுத்து அமத்தச் சொல்வேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்வேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முக்குவார். தோள் எழும்பும், முழங்கை எழும்பும், விரல் மட்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். "தோளால ஏமாத்தாதிங்கோ நானா" என்று கத்துவேன். கடைசியில் அவருடைய அட்டையில் என் கையாலேயே எழுதினேன்: விரல்களில் பயனுள்ள அசைவு இல்லை.

எட்டு மாதம் அப்படிப் போனது. கடைச் சொந்தக்காரர் பொறுமைசாலிதான், ஆனால் அவருடைய மருமகன் அந்த அறையில் போன் கடை போடக் காத்துக்கொண்டிருந்தான். இன்னொரு பக்கம், மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காவலுக்கு ஆள் தேடினார்கள். ஒரு கை போதும், கதிரையில் உட்கார்ந்திருக்கலாம். நானா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, குரலே உயர்த்தாமல் கேட்டார்.

"தங்கச்சி, சுத்தி வளைக்காம ஒரு சொல்லுச் சொல்லு. கை வருமா, வராதா? வராது எண்டா நான் கடைத் திறப்பக் குடுத்துட்டு அந்தக் கதிரையில போய் இருக்கிறன். வரும் எண்டா பொறுக்கச் சொல்லிக் கேக்கிறன். நடுவில தொங்க என்னால ஏலாது."

நான் பந்தை எடுத்து அவருடைய கையில் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஓர் ஆய்வுக் குழு என்னை மாதத்தில் சில நாட்கள் வரச் சொல்லியிருந்தது. பாரிசவாதம் வந்தவர்களை ஸ்கான் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கையை அசைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆய்வு. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தவும், கையில் கருவி மாட்டவும் ஆள் வேண்டும். குழுவின் தலைவி ஒரு சிங்கள டொக்டர். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்குப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மூன்று மொழியும் கலக்கும்.

நான் போன முதல் நாள் கேட்ட முதல் கேள்வி: மூளையைத்தான் படம் பிடிக்கிறீர்களே, பிறகு ஏன் கையை அளக்கிறீர்கள்? டொக்டர் சிரித்தார். "படம் வெறுமையா வந்தா என்ன சொல்லுவீங்க? மூளை கட்டளை போடல்லையா, கட்டளை போட்டும் கை அசையல்லையா, ஆள் நித்திரையா? கை என்ன செய்தது என்று தெரியாம மூளைப் படம் பார்க்கிறது, சமையலைப் பார்க்காம புகையை மட்டும் பார்க்கிற மாதிரி."

அந்தக் கருவி ஒரு கையுறை. இயந்திரத்துக்குள் பெரிய காந்தம் இருப்பதால் இரும்புச் சாமான் ஒன்றும் உள்ளே போக முடியாது. அதனால் கையுறையில் கம்பிக்குப் பதில் ஒளி ஓடுகிற மெல்லிய நூல்கள். ஒவ்வொரு விரலின் மேலாகவும் ஒன்று. விரல் மடங்கினால் நூலும் மடங்கும், ஒளி குறையும், வெளியே கொம்பியூட்டரில் கோடு இறங்கும். நீட்டினால் கோடு ஏறும். நான் அதை மாட்டிக்கொண்டு மேசையில் தாளம் போட்டேன், தலையைச் சொறிந்தேன், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கோடுகள் வேறு வேறு விதமாக ஆடின. அன்று மதியச் சாப்பாட்டை மறந்தே போனேன்.

பழகுவதற்காக முதலில் என்னையே உள்ளே படுக்கவைத்தார்கள். வட்டக் குழாய், மூக்குக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் திரை தெரியும். பச்சை வட்டம் வந்தால் கையைப் பொத்தித் திறக்க வேண்டும். கூட்டல் அடையாளம் வந்தால் ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும். முக்கால் நிமிடம் வேலை, முக்கால் நிமிடம் ஓய்வு, இப்படி ஆறு தரம். வேலை நேரத்துப் படத்திலிருந்து ஓய்வு நேரத்துப் படத்தைக் கழித்தால் மிஞ்சுவது கைக்குச் சொந்தமான இடம். வலக் கைக்கு மூளையின் இடப் பக்கம். கேட்க எவ்வளவு சுத்தமான கணக்கு! ஆனால் எனக்கு உள்ளே கிடக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. கூட்டல் அடையாளம் வந்த நேரத்தில் நான் எங்கே சும்மா கிடந்தேன்? இடக் கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அதைச் சொன்னதும் டொக்டர் தலையில் கை வைத்தார்.

நானாவை இந்த ஆய்வில் சேர்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். டொக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: இது வைத்தியம் கிடையாது, வருங்காலமும் சொல்லாது. நானாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கொழும்பில் மூளைக்குள் பார்க்கிற மெஷின் இருக்கிறது, அது உண்மையைச் சொல்லும், சொன்னால் திறப்பை, அந்தக் கடைச் சாவியை, வைத்திருப்பதா கொடுப்பதா என்று ஒரு முடிவு எடுக்கலாம். அவர் கணக்கு அவ்வளவுதான். மதினியையும் கூட்டிக்கொண்டு, வெள்ளைச் சாரம் கட்டி, கலியாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்து இறங்கினார்.

இயந்திரத்துக்குள் விடுவதற்கு முன்பே ஒரு தடங்கல். இரும்பு அராவுகிற வேலை செய்தவரா என்று டொக்டர் கேட்டார். வாழ்நாள் முழுக்க அதுதானே என்றேன். கண்ணுக்குள் இரும்புத் தூள் இருந்தால் காந்தம் இழுத்துவிடுமாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நானாவுக்குச் சிரிப்பு. "கைக்கு வந்தனான், கண்ணுக்குப் படம் எடுக்கிறாங்க. இவங்களும் என்னப் போலதான், பிளக் பழுது எண்டு வந்தா முழு எஞ்சினையும் கழட்டுவாங்க போல" என்றார். கண்ணில் ஒன்றும் இல்லை.

கையுறையை மாட்டும்போது அவருடைய கை குளிர்ந்து கிடந்தது. நான் விளங்கப்படுத்தினேன்.

"பச்சை வட்டம் வந்தா கையப் பொத்தித் திறவுங்கோ. ஏலுமான அளவுக்கு. கூட்டல் அடையாளம் வந்தா ஒண்டும் செய்யாதிங்கோ. தலைய மட்டும் ஆட்டவே கூடாது."

"ஒண்டும் செய்யாம கிடக்கிறதும் ஒரு வேலையோ?"

"ஓம். எனக்கு அது சரிவரேல்ல, உங்களுக்காவது வருதா எண்டு பாப்பம்."

அறை குளிர் என்பதால் கழுத்து வரைக்கும் போர்வை போட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து மைக்கில் பேசினேன். கையுறையின் கொம்பியூட்டர் வேறொரு மூலையில், பிறகு பார்ப்பதற்காகத் தன்பாட்டில் பதிந்துகொண்டிருந்தது. போர்வைக்குக் கீழே கை என்ன செய்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இயந்திரம் டக்டக்கென்று இரைந்தது. நான் என் இடக் கால் பெருவிரலை அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

முடிந்ததும் திரையில் ஒரு அவசரப் படம் வரும். வந்தது. பிடரிப் பக்கத்தில், கண்ணுக்குரிய இடம் நன்றாக வெளிச்சமாக இருந்தது. அப்படியென்றால் மனிதர் விழித்திருந்து பச்சை வட்டத்தைப் பார்த்திருக்கிறார். இடப் பக்கத்தில், கைக்குரிய இடம் வெறுமை. ஒரு புள்ளிகூட இல்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது முதல் பார்வை. ஒன்றும் சொல்லிவிடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மிச்சம் விளங்கும். சிற்றுண்டிச்சாலையில் நானா எதிரே இருந்து, "சொல்லு புள்ள" என்றார். எட்டு மாதமாக அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்த மனிதர். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பொறுங்கோ என்று சொல்லியிருக்கலாம், அதுவும் வரவில்லை.

"படத்தில ஒண்டும் தெரியேல்ல நானா."

மதினி பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். நானா இடக் கையால் கோப்பையை எடுத்துக் குடித்து முடித்தார். "அப்ப சரி" என்றார். "வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திறப்பக் குடுக்கிறன் எண்டு சொல்லி அனுப்புறன்." அவ்வளவுதான். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அவர்களை ஏற்றிவிட்டு வந்து, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாராவது அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்திருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

அழுது முடிந்ததும் யோசனை வந்தது. எனக்கு எப்போதும் அந்த ஒழுங்கில்தான் வரும். கை அசையாவிட்டாலும் அசைக்க வேண்டும் என்று ஒருவர் முக்கினாலே மூளையில் கொஞ்சமாவது வெளிச்சம் வர வேண்டும். டொக்டர் எனக்குப் பாடமாகவே சொல்லித் தந்திருந்தார். நானா முக்காத ஆளா? பல்லைக் கடித்து முக்குகிற மனிதரின் மூளை துடைத்துவிட்ட பலகை மாதிரி இருக்குமா? எங்கேயோ கணக்குப் பிழைக்கிறது. ஸ்கானிடம் கேள்வி கேட்க எனக்குத் தெரியாது. ஆனால் கையுறையை எனக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை, டொக்டரின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நானாவின் கையுறைப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தாயிற்று, வேலை நேரத்தில் விரல்கள் கொஞ்சம்தான் மடங்கியிருக்கின்றன, அதுவும் பிந்தி என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஆறு துண்டுகள். எல்லாம் பச்சை வட்டத்து நேரம். ஓய்வு நேரம் எங்கே என்றேன். அதை மென்பொருள் வெட்டி எறிந்துவிடும், ஓய்வில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றார்.

"என்ர கால் பெருவிரல் இருந்ததே டொக்டர்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, வெட்டாத பதிவைத் திறந்து தந்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

முதல் ஓய்வில் கோடுகள் படுத்திருந்தன. அங்கங்கே ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். இரண்டாவது ஓய்வைத் திறந்தேன். பெருவிரல் கோடு சின்னச் சின்னப் படியாக ஏறியிருந்தது. மூன்று படி, ஒரு நகர்வு. மூன்று படி, ஒரு நகர்வு. படிகள் கோணல்தான், சில இடத்தில் தடுமாற்றம்தான், ஆனால் வேலை நேரத்தில் பச்சை வட்டத்துக்காக முக்கியபோது வந்த கோட்டைவிட எத்தனையோ மடங்கு சுத்தம். "டொக்டர், இங்க பாருங்கோ, கை ஓய்வில அசைஞ்சிருக்கு" என்றேன். எட்டிப் பார்த்தார். "இது துடிப்பு. சிலருக்குத் தன்பாட்டில் வரும்" என்றார்.

துடிப்பு மூன்று மூன்றாகவா வரும்? நான் ஒரு தாளை எடுத்துப் படிகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது ஓய்வில் இருபத்தொன்பது. பச்சை வட்டம் வந்ததும் நின்றிருக்கிறது. மூன்றாவது ஓய்வில் நான்கு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி, பிறகு இருபத்தாறு. நான்காவது ஓய்வில் ஏழு, இடைவெளி, இருபத்துநான்கு. ஐந்தாவதில் பத்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இருபத்தொன்பது, நான்கு, இருபத்தாறு, ஏழு. இது என்ன ஒழுங்கு? பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது என் சொந்தப் பெருவிரல், நான் சொல்லாமலே, சுண்டுவிரலின் அடிக் கணுவில் போய் நின்றது.

யா அல்லாஹ்!

இருபத்தொன்பதும் நான்கும் முப்பத்து மூன்று. இருபத்தாறும் ஏழும் முப்பத்து மூன்று. இருபத்துநான்கும் பத்தும் முப்பத்து நான்கு.

டொக்டருக்கு விளங்கப்படுத்தினேன். நாங்கள் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இறைவனைத் துதிக்கும் மூன்று சொல்லைச் சொல்வோம், அதற்குத் திக்ர் என்று பேர்; சுபஹானல்லாஹ் முப்பத்து மூன்று தரம், அல்ஹம்துலில்லாஹ் முப்பத்து மூன்று தரம், அல்லாஹு அக்பர் முப்பத்து நான்கு தரம். எண்ணுவது வலக் கையில். ஒரு விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. பெருவிரல் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் யாராவது கூப்பிட்டால் தொட்ட இடத்திலேயே பெருவிரலை நிறுத்திவைத்து, பிறகு அங்கிருந்தே தொடர்வோம். நானா பச்சை வட்டம் வந்தபோதெல்லாம் நிறுத்தி, கூட்டல் அடையாளம் வந்ததும் விட்ட கணுவிலிருந்து தொடங்கியிருக்கிறார். முழு எண்ணிக்கையும் ஒன்றுகூடப் பிசகவில்லை.

டொக்டர் தன் கையை விரித்து, பெருவிரலால் கணுக்களைத் தொட்டுப் பார்த்தார். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. அவருக்கு அது சரியாகவே வரவில்லை. இரண்டாம் விரலில் தடுமாறினார். "நான் பொத்தித் திறக்கச் சொன்னதைவிட இது எவ்வளவோ கஷ்டமான வேலை" என்றார். பிறகு மூன்று மொழியும் கலந்து ஏதோ சொன்னார். கோபமில்லாமல் அவர் அப்படிப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

அங்கேயே நின்று நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"நானா, மெஷினுக்குள்ள என்ன செய்தனிங்க?"

"நீ சொன்னதத்தான். பச்சைக்குக் கை, மத்ததுக்கு ஒண்டும் செய்யேல்ல."

"திக்ர் ஓதினிங்களோ?"

"இதென்ன கேள்வி? கபுருக் குழிக்குள்ள வெச்ச மாதிரி இருந்திச்சு, ஓதாம எப்பிடிக் கிடக்கிற?"

"எந்தக் கையில எண்ணினிங்க?"

"விசர்க் கதை கதைக்கிறாய். திக்ர் எந்தக் கையில எண்ணுற? வலக் கையிலதான்."

சொல்லிவிட்டு, எஞ்சின் சாமான்களைப் பெட்டியில் கட்டுகிற வேலை கிடக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

டொக்டர் அன்று பின்னேரமே கணக்கைத் திரும்பப் போட்டார். இந்த முறை திரையின் பச்சை வட்டத்தை நம்பாமல், கையுறை சொன்ன நேரத்தை வைத்து. கை உண்மையில் அசைந்த நேரம் ஒரு பக்கம், அசையாத நேரம் மறுபக்கம். படம் மெல்ல மெல்ல வந்தது. இடப் பக்கத்தில், முன்பு வெறுமையாகக் கிடந்த இடத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெளிச்சம். முதல் படத்தில் அது ஏன் காணாமல் போனது என்று ஒரு நொடியில் விளங்கியது. அவர் வேலையிலும் அசைத்தார், ஓய்விலும் அசைத்தார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து நாங்கள் பூச்சியம் எடுத்திருக்கிறோம். நான் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் ஓடி வந்து பார்த்தார்.

"கவனம்" என்றார் டொக்டர். "இது ஒரு ஆள், ஒரு நாள். கை முழுசா வரும் என்று நான் எழுத மாட்டேன். கட்டளை போகுது என்று மட்டும் சொல்லலாம்."

எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை காலையில் சிலாவத்துறையில் இறங்கியபோது சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நேரே கடைக்குப் போனேன். மூன்று மரப்பெட்டி கட்டி முடித்தாயிற்று. நாலாவதை மதினி கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நானா பக்கத்து ஊரான அரிப்பில் இருக்கும் இன்னொரு மெக்கானிக்குக்குக் கொடுப்பதற்கென்று ஸ்பெனர்களைத் துடைத்துப் பிரித்து வைத்திருந்தார். எல்லாம் இடக் கையால். நான் மூச்சு விடாமல் படத்தை, படியை, முப்பத்து மூன்றைச் சொல்லி முடித்தேன். மதினி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கையில வெண்ணெய வெச்சிக்கொண்டு நெய்க்குக் கொழும்புக்குப் போய் வந்திருக்கிறம்" என்றார்.

நானா சிரிக்கவில்லை. "திக்ர் வேற, கை வேல வேற" என்றார்.

நான் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு போல்ட்டையும் நட்டையும் எடுத்தேன். போல்ட்டை மேசையில் நிமிர்த்திப் பிடித்து, நட்டை அவருடைய வலக் கையில் வைத்து, ஏற்றுங்கோ என்றேன். முக்கினார். தோள் எழும்பியது, விரல்கள் விறைத்தன, நட்டு உருண்டு கதிரைக்குக் கீழே போனது. எடுத்துவந்து திரும்ப வைத்தேன்.

"இப்ப நட்டப் பாக்காதிங்கோ. வாசலப் பாருங்கோ. ஓதுங்கோ."

"அல்லாஹ்ட பேரச் சொல்லி நட்டு முடுக்கச் சொல்றியா? உனக்குப் படிப்புக் கூடித் தலைக்கு ஏறிட்டுது."

"பிஸ்மி சொல்லாம நீங்க எந்த எஞ்சின்ல கை வெச்சனிங்க? ஓதுங்கோ நானா, கெஞ்சிக் கேக்கிறன்."

வாசலைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெருவிரல் அசைந்தது. சுட்டுவிரலின் கணுவைத் தேடிப் போகிற வழியில் நட்டைத் தள்ளியது. நட்டு போல்ட்டின் வாயில் கோணலாக உட்கார்ந்து, ஒரு சுற்றுப் போனது. இன்னொன்று. மூன்றாவதில் நழுவி விழுந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டார். நான் நட்டைத் தேடிக் குனிந்தேன். உண்மையில் என் முகத்தை மறைக்கத்தான் குனிந்தேன்.

தரையில் இருந்தபடியே கேட்டேன். "நானா, ஒரு நாளைக்கு அஞ்சு தரம் தொழுறிங்க. விரல் போறத நீங்க ஒரு நாளும் காணேல்லையோ?"

"கண்டனான்."

"கண்டனிங்களோ?"

"முதல் ரெண்டு மாசமும் பெருவிரல் எழும்பேல்ல. மனசாலதான் எண்ணினன். பிறகு ஒரு கணுவுக்குப் போச்சு. பிறகு மூண்டுக்கு. நோன்பு வந்த நேரம் பன்னிரண்டுக்கும் போச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எட்டு மாசமா நான் பந்தும் கையுமா அலையிறன்! ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வந்தனான். நீ பந்தத் தந்து அமத்தச் சொன்னாய். ஏலேல்ல. விரல் வேல செய்யாது எண்டு எழுதினாய்." அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை, எஞ்சினில் என்ன பழுது என்று சொல்கிற அதே குரல். "படிச்சவள் நீ. நீ இல்லையெண்டு எழுதினதுக்குப் பிறகு நான் என்ர கைய நம்பேல்ல."

அவருடைய முழங்காலில் முகத்தை வைத்து, ஒழுங்கையில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். மாப்புச் செய்யுங்கோ என்று சொன்னதாக ஞாபகம். சொன்னேனா, நினைத்தேனா என்று நிச்சயமில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வந்தது. கடைச் சொந்தக்காரரின் மருமகன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அளவெடுக்கிற நாடாவோடு வாசலில் வந்து நின்றான். கட்டிய பெட்டிகளைப் பார்த்துச் சந்தோசப்பட்டான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஏலாது.

"திறப்ப எடுக்க வந்தனான் நானா."

"தரேல்ல தம்பி" என்றார் நானா. "மாமாட்ட நான் வந்து கதைக்கிறன். என்ர கை வேல செய்யுது."

அவன் அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான்; ஒன்றும் விளங்கவில்லை.

"கொழும்பில டொக்டர் சொன்னவவோ?"

"இல்ல" என்றார். "நான் சொல்றன்."